ஆறுதல் சொல்கிறவருக்கும் ஓர் ஆசிரியர்!

ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாக ஒரு மாணவன் சொன்னான். அதைக் கேட்டவர் ஒரு மனோதத்துவ நிபுணர். சொன்ன இடம் ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் கழித்து, சொன்னபடியே அவன் செய்துவிட்டான்!

இது கதை அல்ல. அமெரிக்காவில் 1969-ம் ஆண்டு நடந்தது.

அந்த மாணவன் வங்காளத்தில் பிறந்தவன். பெயர் பிரசென்ஜித் போத்தார். கப்பல் கட்டும் கலையில் மேல்படிப்பு படிப்பதற்காக, 1967-ம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனான். பெர்க்லி நகரில் நடந்த ஒரு நடன வகுப்பில் டாத்தியானா தாராசாப் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தான்.

அவள் நட்பாகப் பழகினாள். அவன் அதைக் காதல் என்று எண்ணினான். தனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் மனம் உடைந்தான். படிப்பில் நாட்டம் போயிற்று. நண்பர் ஒருவரின் யோசனைப்படி, பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மனநலச் சிகிச்சைக்குச் சேர்ந்தான்.

அப்போது டாத்தியானா பிரேசில் நாட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பியதும் கொல்லப் போவதாக, சிகிச்சை செய்த நிபுணரிடம் அவன் சொன்னான். அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறான் என்று எளிதில் தெரிந்துகொள்ளலாம்.

நிபுணர் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகப் போலீசாருக்குத் தகவல் கொடுத்தார். கடிதமும் எழுதினார். போலீசார் அவனைப் பிடித்து விசாரித்தார்கள். அவன் தெளிவாகப் பேசினான். "அவளிடம் போகக் கூடாது" என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அந்த மனநலப் பிரிவின் தலைவர், போலீசாருக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். குறிப்புகளை அழிக்கும்படியும், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்.

டாத்தியானாவிடமோ, அவளுடைய பெற்றோரிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1969 அக்டோபர் 27-ந் தேதி அவள் கொல்லப்பட்டாள்.

கோர்ட்டு சொன்னது என்ன?

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அது கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1976-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

சிகிச்சைக்கு வருகிறவர் சொல்லும் ரகசியத்தைக் காக்க வேண்டியதுதான். ஆனால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த உயிரைக் காக்கத் தக்க முயற்சி எடுப்பது சிகிச்சை செய்கிறவரின் கடமை. இதுவே தீர்ப்பின் சாரம்.

அதன்பின், அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதுபற்றிச் சட்டம் செய்தன. சில மாநிலங்களில் எச்சரிப்பது கட்டாயம். சில மாநிலங்களில் எச்சரிக்க அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை.

மனநல வேலைக்குப் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்காமல் பட்டம் வாங்குவது அரிது.

சரி, இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது யார்? இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, புதிதாக ஆலோசகர் வேலைக்கு வருகிறாள். முதல் வாரமே ஒருவர் வந்து "கொன்றுவிடுவேன்" என்கிறார். அல்லது "செத்துவிடுவேன்" என்கிறார். அவள் ஓடிப்போய் யாரைக் கேட்பாள்?

அவளுக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவரை மேற்பார்வையாளர் என்கிறார்கள். அந்த வேலைக்காகவே அமெரிக்காவில் ஒரு டாக்டர் பட்டப் படிப்பு இருக்கிறது!

"ஆலோசகர் கல்வியும் மேற்பார்வையும்" என்பது அந்தப் படிப்பின் பெயர்.

மருந்து எழுதும் டாக்டர் அல்ல!

டாக்டர் பட்டம் என்றதும் ஊசியும் மாத்திரையும் நினைவுக்கு வரும். இது அது அல்ல. இந்தப் பட்டம் பெற்றவர் மருந்து எழுத முடியாது.

இன்னொரு விஷயம். மக்களுக்கு ஆலோசனை சொல்ல அமெரிக்காவில் இந்தப் பட்டம் தேவையே இல்லை. முதுகலைப் பட்டமும் லைசென்சும் போதும்.

அப்படியானால் இது எதற்கு?

சமைக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சமையலைச் சொல்லிக் கொடுக்க வருமா? "கண்ணளவு போடு, கையளவு போடு" என்பார்கள். கற்றுக்கொள்கிறவர் விழிப்பார். செய்வது வேறு, செய்யச் சொல்லிக் கொடுப்பது வேறு. பிறர் செய்வதைக் கூட இருந்து கண்காணிப்பது இன்னும் வேறு. இந்த இரண்டாவது, மூன்றாவது வேலைகளுக்குத்தான் இந்தப் படிப்பு.

வக்கீல் தொடங்கிய வேலை

இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது? அது ஒரு சுவையான வரலாறு.

பிராங்க் பார்சன்ஸ் என்று ஒருவர் இருந்தார். என்ஜினீயரிங் படித்தவர். பிறகு வக்கீலானார். பிறகு ஆசிரியரானார். புத்தகங்களும் எழுதினார். எந்த வேலை தமக்குப் பொருத்தம் என்று அவரே பல வருடம் தேடியவர்.

"நாம் பட்ட கஷ்டத்தை இளைஞர்கள் ஏன் படவேண்டும்?" என்று நினைத்தாரோ என்னவோ! 1908-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஒரு நிலையம் திறந்தார். அங்கே வரும் இளைஞர்களுக்கு, அவரவர் திறமைக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று யோசனை சொன்னார். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். அவருடைய புத்தகம் மறு ஆண்டு, 1909-ல் வெளிவந்தது. "வழிகாட்டும் துறையின் தந்தை" என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

அடுத்து வந்தவர் கார்ல் ரோஜர்ஸ். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1942-ல் இவர் எழுதிய புத்தகம் ஒரு புதுமை செய்தது. ஆலோசகரும், ஆலோசனை கேட்க வந்தவரும் பேசியதை முழுவதும் இசைத்தட்டில் பதிவு செய்து, வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டிருந்தார்கள்!

அதுவரை மூடிய அறைக்குள் நடந்தது வெளியே தெரியாது. "நன்றாகப் பேசினேன்" என்று ஆலோசகர் சொன்னால் நம்பவேண்டியதுதான். பதிவு வந்த பிறகு பேச்சு வெட்ட வெளிச்சமாயிற்று. எங்கே சரியாகக் கேட்டார், எங்கே குறுக்கே பேசினார் என்று மாணவர்கள் பார்த்துப் படித்தார்கள்.

ரஷ்யா கொடுத்த உதவி!

1957 அக்டோபர் 4-ந் தேதி, ரஷ்யா ஸ்புட்னிக்கை வானில் விட்டது. அமெரிக்கா திடுக்கிட்டது. "நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டார்களா?" என்ற கேள்வி எழுந்தது.

மறு ஆண்டு, 1958-ல், தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. திறமையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆலோசகர்கள் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் பணம் ஒதுக்கினார்கள். பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின.

ஆயிரக்கணக்கானவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால், பயிற்சி கொடுக்கிறவர்கள் வேண்டாமா? ஆலோசகரின் ஆசிரியர் என்ற தனி உத்தியோகம் இப்படி வளர்ந்தது. 1961-ம் ஆண்டு முதல் அவர்களுக்கென்று தனிச் சஞ்சிகையே வருகிறது.

1976-ல் வர்ஜீனியா மாநிலம்தான் முதன்முதலில் ஆலோசகர்களுக்கு லைசென்சு முறை கொண்டுவந்தது. கடைசியாகக் கொண்டுவந்தது கலிபோர்னியா. ஆண்டு 2009. எல்லா மாநிலங்களும் வந்துசேர முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன!

எத்தனை படி ஏறவேண்டும்?

இந்த டாக்டர் பட்டம் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் முதுகலைப் பட்டம் வாங்கவேண்டும். அதற்கு 60 பாட அலகுகள். வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு வீதம் ஒரு பருவம் முழுவதும் படித்தால் ஓர் அலகு என்பது பொதுக் கணக்கு.

படித்தால் மட்டும் போதாது. 100 மணி நேரம் ஆரம்பப் பயிற்சி. அதில் 40 மணி நேரமாவது ஆலோசனை நாடி வருகிறவர்களோடு நேரடியாகப் பேச வேண்டும். அதன்பின் 600 மணி நேரம் களப் பயிற்சி. அதில் 240 மணி நேரம் நேரடிப் பேச்சு. இவ்வளவும் ஒரு மேற்பார்வையாளரின் கண்ணுக்கு முன்னால்!

பட்டம் வாங்கியதும் முழு லைசென்சு கிடைத்துவிடாது. மேற்பார்வையின்கீழ் வேலை பார்க்கவேண்டும். எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் 3,000 மணி நேரம்.

முதுகலைப் பட்டத்துக்குப் பிறகுதான் டாக்டர் பட்டப் படிப்பு. அதற்கு இன்னும் 48 அலகுகள். மறுபடியும் 100 மணி நேரப் பயிற்சி. மறுபடியும் 600 மணி நேரக் களப் பயிற்சி. முழு நேரம் படித்தால் சாதாரணமாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

இந்தக் கணக்கையெல்லாம் வகுப்பது ஓர் அங்கீகாரக் குழு. 1981-ல் தொடங்கியது. குழுவின் முத்திரை உள்ள படிப்புக்குத் தனி மதிப்பு. 2013 ஜூலை முதல், அந்த முத்திரை பெற்ற துறைகளில் முக்கிய ஆசிரியராகப் புதிதாகச் சேர விரும்புகிறவருக்கு இந்த டாக்டர் பட்டம் வேண்டும். முன்பே ஆசிரியராக இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு.

ஐந்து கலைகள்

அங்கே ஐந்து விஷயங்கள் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஒன்று, ஆலோசனை. முன்பே கற்றதுதான். இப்போது ஆழமாக.

இரண்டு, மேற்பார்வை. மற்ற ஆலோசகர்களைக் கண்காணித்து வளர்ப்பது.

மூன்று, போதனை. வகுப்பில் நின்று பாடம் நடத்துவது.

நான்கு, ஆராய்ச்சி. எந்த முறையால் பலன் உண்டு, எதனால் இல்லை என்று ஆராய்வது.

ஐந்து, தலைமை. சங்கங்களை நடத்துவது, பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடுவது.

இந்த ஐந்தில் இரண்டாவதுதான் கடினம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஏன்? ஓர் உதாரணம் பார்ப்போம். இது நாம் கற்பனை செய்த உதாரணம். ஆனால் மேற்பார்வை அறையில் நடப்பது இப்படித்தான்.

"இந்த இடத்தில் நிறுத்துங்கள்"

ஒரு மாணவி. ஆலோசனைக்கு வந்த ஒரு நடுத்தர வயது மனிதரோடு பேசியிருக்கிறாள். அவர் சம்மதத்தோடு பேச்சை வீடியோவில் பதிவு செய்திருக்கிறாள். மேற்பார்வையாளரும் அவளும் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள்.

வீடியோவில் அந்த மனிதர் சொல்கிறார்: "நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி."

மாணவி உடனே கேட்கிறாள்: "உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார்?"

"இந்த இடத்தில் நிறுத்துங்கள்" என்கிறார் மேற்பார்வையாளர். வீடியோ நிற்கிறது.

"அவர் அப்படிச் சொன்னபோது உங்களுக்கு என்ன தோன்றியது?"

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறாள்: "பயமாக இருந்தது."

"அதனால்?"

"பேச்சை மாற்றிவிட்டேன்."

அவள் கண் கலங்குகிறது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. "பயம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவர் ஒரு கதவைத் திறந்தார். நீங்கள் அதைச் சாத்திவிட்டீர்கள். இப்போது திறக்கலாம், வாருங்கள்" என்கிறார்.

அன்றே அந்த மனிதருக்குப் போன் செய்கிறார்கள். "தற்கொலை எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று பலருக்கு நெஞ்சுப் பாரம் குறைகிறது.

(நம் வாசகர்களும் இதை நினைவில் வைக்கலாம். நம் நாட்டில் மனக் கஷ்டம் உள்ளவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். 2022 முதல் இந்த உதவி இருக்கிறது.)

வீடியோவை நிறுத்தி நிறுத்தி மனத்தில் ஓடியதைக் கேட்கும் இந்த முறைக்கு, 1960-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் என்பவர் உருக்கொடுத்தார். இன்றும் அது நடக்கிறது.

மூன்று தொப்பிகள்

மேற்பார்வையாளருக்கு மூன்று தொப்பிகள் உண்டு. 1979-ல் ஜெனின் பெர்னார்டு என்ற பேராசிரியை இதை விளக்கினார்.

சில நேரம் அவர் ஆசிரியர். "இப்படிக் கேளுங்கள்" என்று சொல்லித் தருவார். சில நேரம் ஆலோசகர் போல இருப்பார். "ஏன் பயந்தீர்கள்?" என்று மாணவியின் மனத்தைப் பார்ப்பார். சில நேரம் சக தொழிலாளி. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சேர்ந்து யோசிப்போம்" என்பார்.

எந்த நேரத்தில் எந்தத் தொப்பி என்று தெரிந்திருப்பதுதான் வித்தை. எப்போதும் ஆசிரியராகவே இருந்தால் மாணவி கிளிப்பிள்ளை ஆகிவிடுவாள். எப்போதும் ஆலோசகராகவே இருந்தால், அவளுக்கே சிகிச்சை செய்வதாக ஆகிவிடும். அது கூடாது. மாணவிக்குச் சொந்தக் கஷ்டம் இருந்தால் வேறோர் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

நான்காவது வேலை ஒன்றும் உண்டு. அது மனத்துக்குப் பிடிக்காத வேலை. காவல் காப்பது!

சிலர் நன்றாகப் படிப்பார்கள். பரீட்சையில் முதல் மார்க்கு வாங்குவார்கள். ஆனால் எதிரில் இருப்பவரின் துன்பத்தைக் கேட்கப் பொறுமை இருக்காது. அல்லது ரகசியம் காக்கத் தெரியாது. அவர்களுக்குக் குறையைச் சொல்லி, திருந்த அவகாசம் தருவார்கள். திருந்தாவிட்டால், "இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லவேண்டும்.

பணம் கட்டிப் படித்தவரிடம், இரண்டு வருடம் பழகியவரிடம், இதைச் சொல்வது எளிதா? ஆனால் சொல்லாமல் விட்டால், நாளை அவரிடம் போகிற ஏழை எளியவர்களின் கதி என்ன? மேற்பார்வையாளரின் கையெழுத்துக்கு இருக்கும் பொறுப்பு அதுதான். அவர் மேற்பார்வையில் தவறு நடந்தால், கோர்ட்டில் அவரும் பதில் சொல்லவேண்டி வரலாம்.

யார் படிக்கலாம்? யார் வேண்டாம்?

பட்டத்துக்குக் கடைசிப் படி ஆராய்ச்சிக் கட்டுரை. பாடங்கள் முடிந்து, பெரிய பரீட்சை தேறி, பிறகு தனியாக ஒரு விஷயத்தை ஆராய்ந்து புத்தகம் போல எழுதவேண்டும். பேராசிரியர்கள் குழு முன் நின்று, கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். வகுப்பு இருக்கும் வரை தோழர்கள் இருப்பார்கள். கட்டுரை எழுதும்போது தனிமைதான். பகலில் வேலை, மாலையில் பிள்ளைகள், இரவில் கட்டுரை. நாள் ஓடிவிடும்.

செலவும் அதிகம். சில பல்கலைக்கழகங்களில் உதவி ஆசிரியராக வேலை கொடுத்து, சம்பளத்தைக் கழித்துக்கொள்ளாமல் கல்விக் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் கடன் வாங்குகிறார்கள். சேரும் முன்பே, படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, மொத்தச் செலவு எவ்வளவு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

"பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமே" என்று மட்டும் நினைக்கிறவருக்கு இது ஏற்ற படிப்பு அல்ல. மக்களோடு பேசி ஆறுதல் சொல்வதே போதும் என்கிறவருக்கும் இது வேண்டாம். முதுகலைப் பட்டமே போதும்.

தான் கற்றதைப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறவர், தவறு செய்தவரைத் திட்டாமல் திருத்தத் தெரிந்தவர், வேண்டாம் என்று சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லும் துணிவு உள்ளவர் — இவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு.

ஒரு கணக்கு

ஓர் ஆலோசகர் வருடத்துக்கு நூறு பேரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியர் வருடத்துக்குப் பத்து ஆலோசகர்களைத் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேர் ஆயிரம் பேரைப் பார்ப்பார்கள். ஆசிரியர் சரியாகச் சொல்லிக் கொடுத்தால், ஆயிரம் பேருக்கு நன்மை. தவறாகச் சொல்லிக் கொடுத்தால்?

1969-ல் சிகிச்சை செய்தவர் ஆபத்தை உணர்ந்தார். தகவலும் கொடுத்தார். மேலே இருந்தவர், "நடவடிக்கை வேண்டாம்" என்றார். டாத்தியானாவுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

"இப்போதே அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். நானும் உங்களோடு இருக்கிறேன்" என்று மேலே இருந்து ஒரு குரல் வந்திருந்தால், அவள் பிழைத்திருக்கலாம்.

அந்தக் குரல் தக்க நேரத்தில் வரவேண்டும். அதற்காகத்தான் இத்தனை மணி நேரப் பயிற்சி!